பூச்சியின் மேல் பழி

கணிப்பொறி தவறு செய்தால் ஆங்கிலத்தில் அதற்கு 'பக்' என்று பெயர். பக் என்றால் பூச்சி. இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் கணிப்பொறி மக்கர் செய்தது. திறந்து பார்த்தபோது ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இச்சொல் அன்றுதான் பிறந்தது என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. உண்மையான பூச்சியே அகப்பட்டது இதுதான் முதல் முறை என்று அவர்கள் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சொல் முன்பே வழக்கில் இருந்தால்தானே இந்த வேடிக்கை எடுபடும்! எடிசன் 1878இல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே, புதுக் கருவிகளில் தலைகாட்டும் சிறு குறைகளைப் பூச்சிகள் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

வேடிக்கையான சொல்தான், ஆனால் நேர்மையான சொல்லா? பூச்சி வெளியிலிருந்து தானாக வந்து நுழைவது. புரோகிராமில் உள்ள தவறு தானாக வந்ததன்று. ஒருவர் கைப்பட எழுதியது. டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988இல் இதைக் கடுமையாகக் கண்டித்தார். 'பக்' என்பதை விட்டுவிட்டு 'எரர்', அதாவது பிழை, என்றே சொல்லுங்கள், அப்போதுதான் பொறுப்பு எழுதியவரிடம் போய்ச் சேரும் என்பது அவர் வாதம். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு.

உருவகச் சொற்கள் எல்லாமே கெட்டவை என்று கொள்ள வேண்டாம். 'ஃபெட்டீக்' என்ற சொல்லைப் பாருங்கள். களைப்பு என்று பொருள். உலோகம் எங்கே களைக்கிறது? ஆயினும் இது நல்ல சொல். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலியை அடுத்த கடற்பகுதியில் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தன. பிரிட்டனில் ஃபார்ன்பரோ என்னுமிடத்தில் ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது நேர்வது போல உள் அழுத்தத்தை மாறி மாறி ஏற்றி இறக்கினார்கள். அந்த விமானம் முன்பு உண்மையாகப் பறந்ததையும் சேர்த்து ஏறக்குறைய 3,000 பறத்தல்கள் ஆனதும் உடல் பிளந்தது. திறப்பு ஒன்றின் மூலையில் தோன்றிய விரிசலே காரணம். எவ்வளவு விசையை எத்தனை முறை தாங்கும் என்று களைப்பை எண்ணிக் கணக்கிடலாம். ஜெர்மானியர் வோலர் 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் அச்சுகளை வைத்து அதைச் செய்து காட்டினார். இச்சொல்லைக் கேட்டதும் எங்கே தேடுவது என்று பொறியியலாருக்குத் தெரிந்துவிடுகிறது.

'கிளிட்ச்' என்பதற்கும் தொடக்கத்தில் திட்டமான பொருள் இருந்தது. மின்னழுத்தத்தில் திடீரென்று தோன்றும் துடிப்பு என்று விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962இல் விளக்கினார். துடிப்பு விண்மீன் ஒன்றின் சுழற்சி திடுமென விரைவதை வானியலார் இன்றும் இப்பெயரால் குறிக்கின்றனர். மற்றவர்கள் வாயில் இது எல்லாத் தவறுக்கும் மன்னிப்புச் சீட்டாகிவிட்டது.

இவற்றுள் மிக மோசமானது என்று நான் கருதுவது 'மால்ஃபங்ஷன்' என்பதே. கோளாறு என்பது இதன் பொருள். தெரக்-25 என்பது கனடாவில் உருவான புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி. 1985 முதல் 1987 வரை இதனால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் கருவியை இயக்கியவர், எலெக்ட்ரான் என்பதற்குப் பதில் எக்ஸ் கதிர் என்று தட்டிவிட்டு, உடனே திருத்தினார். கருவி இயங்கிச் சட்டென நின்றது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் தோன்றியது. அதற்குக் கருவியோடு வந்த கையேட்டில் பொருளுள்ள விளக்கம் இல்லை. கதிர்வீச்சு குறைவாகவே பாய்ந்தது என்று திரை வேறு காட்டியது. இத்தகைய அறிவிப்புகள் அன்றாடம் வந்து பழகிப்போனவை. அவர் மீண்டும் இயக்கும் பொத்தானை அழுத்தினார். மருத்துவர் குறித்த அளவு 180 ராடு. பாய்ந்தது 16,500 ராடுக்குக் குறையாது என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த நோயாளி சில மாதங்களில் இறந்தார்.

சொல்லை மட்டும் குற்றம் சொல்வது முறையாகாது. முதல் தாக்குதலுக்குக் காரணம் புரோகிராமும், முந்தைய கருவியில் இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கியதும்தான். இரண்டாம் முறை பொத்தானை அழுத்த வைத்ததற்கு மட்டும் அந்தச் சொல் பதில் சொல்லியாக வேண்டும். 'அபாயம், நிறுத்துக' என்றிருந்தால் எவரும் தொடர்ந்திருக்க மாட்டார்கள்.

நாமும் இதே தடத்தில்தான் போகிறோம். ரயில் நின்றாலும் ராக்கெட் கிளம்பாவிட்டாலும் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று நம் செய்தித்தாள்கள் முடித்துவிடுகின்றன. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? பொருளில் நேர்வது பழுது; செய்தவரிடம் நேர்வது பிழை. 'பக்' என்பதற்கு 'வழு' என்று தமிழாக்கியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். இலக்கண வகுப்பில் திணை வழு, பால் வழு, இட வழு, கால வழு, வினா வழு, விடை வழு, மரபு வழு என்று ஏழு வகை படிக்கிறோம். எது வழுவியது என்பது பெயரிலேயே இருக்கிறது. 1999இல் செவ்வாயை அடைந்ததும் அழிந்த அமெரிக்க ஆய்வுக்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு பவுண்டு விசையில் தந்த கணக்கை மற்றொரு குழு நியூட்டன் என்று கொண்டது. இதை 'அலகு வழு' என்றால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும்.

தெரக்-25இல் நேர்ந்தது கால வழு. அதன் காந்தங்கள் நிலைபெற ஏறத்தாழ 8 விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தம் புரோகிராமின் ஒரு பகுதிக்கு எட்டியது. மறு பகுதிக்கு எட்டவில்லை. எக்ஸ் கதிர் உண்டாக்குவதற்கான வலிய எலெக்ட்ரான் கற்றை, குறுக்கே தடுப்பு ஏதுமின்றி, நோயாளியின் உடலில் நேரே பாய்ந்தது.