தகட்டில் வந்த கங்காதர்

1997இல் தூர்தர்ஷனில் உதயமான சக்திமான் என்னும் ஹிந்தித் தொடரை, 12 சென்டிமீட்டர் விட்டமே உடைய ஓர் ஒளித்தகட்டினின்று மீண்டும் வருவித்து, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்கும்போது, சுழன்று பறக்கும் வீரனைக் காட்டிலும், மூக்குக் கண்ணாடியும் துருத்திய பற்களுமாகத் தடுமாறி வரும் அவனது மறுவேஷமான பத்திரிகைப் புகைப்படக்காரர் கங்காதரே என் ஹிருதயத்தைக் கவர்கிறார். இரு வேஷங்களையும் முகேஷ் கன்னா ஒருவரே தரித்தார். வீரத்தை நடிப்பது எளிது, அசட்டுத்தனத்தை அன்போடு நடிப்பதே அரிது என்பது என் அபிப்பிராயம். ஹிந்தி பாஷை அறியாத என் பேத்திகூட விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

காவேரிப் பாலத்தைக் கடந்து, திருச்சிக் கடைத்தெருவில் வாங்கிவந்த இத்தகட்டின் விசேஷம், வாரம் முழுவதும் காத்திராமல், கங்காதர் அசடாக விழிக்கும் க்ஷணத்தை வேண்டுமட்டும் திருப்பி ரசிக்கலாம் என்பதே. ஆனால் தகட்டை விளிம்பைப் பற்றியே எடுங்கள். பளபளக்கும் பக்கத்தில் விரல் படவேண்டாம்.