மட்டாஞ்சேரிப் பெண்கள் பாடல்களும் அடிக்குறிப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தைக் காண வருவோர் பலர். அதைச் சூழ்ந்த வீடுகளில் யூதப் பெண்கள் மணவிழாக்களிலும் பண்டிகைகளிலும் பாடிவந்த மலையாளப் பாடல்களை அறிந்தோர் சிலரே. அப்பாடல்கள் பெண்களின் கையெழுத்துக் குறிப்பேடுகளில் காக்கப்பட்டன. 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது குறிப்பேடுகளும் உடன் சென்றன. ஸ்கறியா சக்கரியா, ஓஃபிரா கம்லியேல் ஆகியோர் பதிப்பித்த ‘கார்குழலி’ என்னும் தொகுதி, மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக 2005இல் எருசலேமில் வெளிவந்தது.

இத்தலைப்புக்குத் தமிழ் வாசகர் குறிப்பு வேண்டார். எபிரேயத் தலைப்போ ‘பேரழகி’ என்னும் அளவில் நின்றுவிடுகிறது. கூந்தலும் கார்முகிலும் அதில் இல்லை. இத்தகைய இழப்பை ஈடுசெய்ய அடிக்குறிப்பு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழ இடமில்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பழஞ்சொற்கள் சில, பாடிய பெண்களுக்கே விளங்காமற் போயிருந்தன; ஒரே பாடல் குறிப்பேட்டுக்குக் குறிப்பேடு வேறுபட்டது. எனினும் பாட்டு நின்றுவிடவில்லை. எதனை எப்போது, யார் பொருட்டுப் பாடுவது என்னும் அறிவே அதனைத் தாங்கிற்று. அச்சுப் பக்கத்தில் முதலில் விடுபடுவது அவ்வறிவே. விளங்காச் சொல்லைத் திருத்தி மூலத்தில் இட்டு, பாடப்பட்ட சொல்லை அடியில் ஒதுக்கும் பதிப்பு பாடியவரைப் பிழைசெய்தவராக்கிவிடுகிறது. பாடிய சொல் மேலும் பதிப்பாசிரியர் ஊகம் கீழுமாக நிற்பதே முறை.

நிகழ்த்துதலைப் பதியும் குறிப்பு தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் உள்ள பழங்குறிப்புகள் அருஞ்சொற்பொருள் கூறுவனவல்ல. திணை, துறை, இன்னாரை இன்னார் பாடியது என்பனவற்றையே கூறுகின்றன. பரிபாடற் குறிப்புகள் ஒருபடி மேற்சென்று, இசை வகுத்தவர் பெயரையும் பண்ணையும் தருகின்றன. அவ்விசை இன்று கேட்கக் கிடையாது. ‘பண் நோதிறம்’ என்னும் இரு சொற்களே சான்றாக எஞ்சின.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004இல் கேரள யூதப் பெண்கள் பாடல்களின் ஒலிப்பதிவை வெளியிட்டது. ஒலிப்பதிவு இருக்கக் குறிப்பு எதற்கு என்னும் வாதம் மேலோட்டமானது. குரலையும் மெட்டையும் ஒலிப்பதிவு தரும். பாட்டுக்குரிய சடங்கை அது தானாகச் சொல்லாது.

தமிழாக்க முனைவோர்க்குத் தனியொரு இடர் உண்டு. சொற்கள் பல அறிமுகமானவையாகத் தோன்றுவதால் குறிப்பே வேண்டா எனத் தோன்றும். ஆனால் ‘வெள்ளம்’ என்பது மலையாளத்தில் குடிக்கும் நீருமாகும். அயற்சொல்லைக் காட்டிலும் இத்தகைய உறவுச் சொல்லுக்கே அடிக்குறிப்பு மிகுதியும் வேண்டப்படுகிறது.