வால்வின் குரலும் டிரான்சிஸ்டரின் தோளும்

வால்வு எனப்படும் வெற்றிடக் குழலையும் டிரான்சிஸ்டரையும் ஒரே ஒலியமைப்பில் சேர்ப்போர், மெல்லிய சமிக்ஞையை முதலில் ஏந்தும் முன்பெருக்கியைப் பெரும்பாலும் வால்வுக்கும், ஒலிபெருக்கியை இயக்கும் திறன்பெருக்கியை டிரான்சிஸ்டருக்கும் ஒதுக்குவர். கட்டைவிரல் பருமனே உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வு, மும்மின்வாய்க் குழல்கள் இரண்டை ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் அடக்கியது. அதன் இழை செம்மஞ்சளாகக் கனன்றபின் அது சேர்க்கும் சிறு திரிபு பெரும்பாலும் இரண்டாம் ஒத்திசையாக, அதாவது மேல்ஸ்தாயியில் ஒலிக்கும் அதே சுரமாக அமைவதால், செவி அதைக் குறையாகக் கொள்ளாமல் கனிவாகவே கொள்கிறது. ஆனால் 8 ஓம் ஒலிபெருக்கியை இயக்க வால்வுக்குப் பொதுவாகக் கனத்த மின்மாற்றி வேண்டும்; டிரான்சிஸ்டரோ அதன் துணையின்றியே தாழ்சுருதிக் கூம்பை இறுகப் பிடித்து நிறுத்துகிறது.

இணைப்பில்தான் நுட்பம் இருக்கிறது. முன்பெருக்கியின் வெளியீட்டில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தேக்கி 1 மைக்ரோஃபாரடாக இருக்க, திறன்பெருக்கியின் உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம் மட்டுமே எனில், 16 ஹெர்ட்ஸில் சமிக்ஞையின் திறன் பாதியாகிவிடும்; 47 கிலோ ஓம் எனில் அவ்வெல்லை 3.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். விலைச்சீட்டைப் புரட்டிப் பார்ப்போர் இந்த உள்ளீட்டுத் தடையின் எண்ணைப் பார்ப்பது அரிது. வால்வு சூடேறிய பின்னரே திறன்பெருக்கியை இயக்குவதும், அணைக்கையில் அதையே முதலில் அணைப்பதும், 'தொம்' என்னும் அதிர்ச்சியிலிருந்து கூம்பைக் காக்கும்.