பள்ளி என்னும் சொல்லும் நல்லிணக்க வாசிப்பும்

தமிழக இசுலாமியர் வரலாறு குறித்த நூல்களில் திருப்புல்லாணிக் கல்வெட்டு பெரும்பாலும் இடம்பெறுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இப்பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகரின் பிழார்ப் பள்ளிக்கு இறையிலி நிலம் வழங்கப்பட்ட செய்தியைத் தருகிறது. வைணவத் திருப்பதி ஒன்றில் இச்சாசனம் கிடைத்தமையால், 'மத நல்லிணக்கத்திற்குச் சான்று' என்று ஒரு தொடரில் சுட்டிவிட்டு ஆய்வாளர் பலர் அப்பால் நகர்ந்துவிடுகின்றனர். இவ்வாசிப்பு போதாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் சொல்லை நோக்கலாம். மதுரைக்காஞ்சி பௌத்தர், அந்தணர் ஆகியோருக்குரிய இடங்களைப் பள்ளி என்றே குறிக்கிறது. சமணர் உறைவிடமும் பள்ளியே. பின்னர்க் கடல்வழி வந்த சமயத்தாரின் தொழுகையிடத்திற்கும் அச்சொல்லே வழங்கிற்று. மலையாளத்தில் கிறித்தவக் கோயிலும் பள்ளி எனப்படுதல் ஈண்டு ஒப்பிடத்தக்கது. புதிதாக வந்த ஒன்றுக்குப் புதுப்பெயர் தேடாமல், முன்னரே இருந்த ஒரு வகைமைக்குள் அதனை இருத்திக்கொண்டது மொழி. 1992இல் அயோத்தியில் நிகழ்ந்த இடிப்புக்குப் பின் அச்சு ஊடகத் தமிழில் 'மசூதி' என்னும் சொல் செய்திச் சொல்லாகவும், பெரிதும் பூசலோடு ஒட்டிய சொல்லாகவும் ஆயிற்று. முசுலிம்களின் அன்றாட வழக்கிலோ பள்ளிவாசல் என்பதே நிலைத்திருக்கிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தொலைவு அகராதியில் அகப்படாதது.

இனிக் கல்வெட்டின் பொருளுக்கு வருவோம். அது அன்பைப் பேசவில்லை. நிலத்தையும் வரியையும் பேசுகிறது. கோயிலுக்கு அளிக்கப்படும் கொடைக்குரிய 'இறையிலி' என்னும் அதே ஆட்சிச்சொல் பள்ளிக்கும் உரியதாகிறது. வணிகத்தால் வரும் வருவாய் அரசனின் கருத்தில் இருந்திருக்கக்கூடும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பள்ளி ஊரின் நிலவுடைமை ஒழுங்கில் இடம்பெற்றது என்பதே இங்குச் சிறப்பு. சோனகர் நல்லவர் என்று எவரும் சான்று பகர வேண்டியிருக்கவில்லை.

இக்கால ஆவணமொழி இதனின்று வேறுபடுகிறது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகள், வழிபாட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதலை வேண்டின. பொது அமைதிக்குக் கேடு நேரும் எனக் கருதினால் அவர் மறுக்கலாம். விதி எல்லாச் சமயத்திற்கும் பொதுவானதே. ஆயினும் அமைதி குலையும் என்னும் அச்சத்தை எழுப்ப வல்லவர் எவரோ அவர் கைக்கு மறுப்புரிமை மாறிவிடும் வாய்ப்பை அது திறந்துவைக்கிறது. எதிர்ப்பு மனுக்களில் சமயம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நெரிசலும் ஒலியும் அமைதியும் பேசப்படும். பேசாப்பொருளைக் காணப் பழகிய திறனாய்வாளர் இவற்றையும் பனுவலாக வாசித்தல் வேண்டும்.

2022 ஆகத்தில் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வகையில் கருதத்தக்கது. நிலம்பூர்ப் பகுதியில் வணிகக் கட்டடம் ஒன்றைத் தொழுகையிடமாக மாற்ற ஒப்புதல் கோரிய மனு அதில் ஏற்கப்படவில்லை. ஐந்து கிலோமீட்டர் வட்டாரத்தில் 36 பள்ளிகள் இருப்பது எடுத்துக்காட்டப்பட்டது. மூலைமுடுக்கெல்லாம் பள்ளி வேண்டும் எனக் குர்ஆன் கூறவில்லை என்றும் தீர்ப்பு உரைத்தது. எச்சமயத்தையும் தனித்துச் சாடாத தீர்ப்பு அது. பெருகிவரும் வழிபாட்டிடங்கள் பற்றிய அதன் கவலையும் பொய்யன்று. எனினும், வேண்டுவோரின் தேவையை அவர்தம் மறைநூலைக் கொண்டு பிறர் அளக்கும் நிலை அங்கு உருவாகிறது.

நம் நல்லிணக்க ஆய்வுகளும் அறியாமலே இவ்வளவுகோலுக்குத் துணைபோகின்றன. சீறாப்புராணத்தில் தமிழ் மரபைத் தேடுகிறோம். குணங்குடி மத்தான் பாடல்களில் சித்தர் சாயலைக் காண்கிறோம். தேடல் தவறன்று. ஆனால் இசுலாமியப் பனுவலின் தகுதி, அது நம்மை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதில் அடங்கிவிடுகிறது. ஒவ்வாதவற்றைக் கொண்ட பனுவலை என்செய்வது? தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) இவ்விடத்தில் நம்மை இடர்ப்படுத்துகிறது. அதில் பள்ளி நல்லிணக்கத்தின் சின்னமன்று, அச்சத்தின் சின்னமுமன்று. முதலாளியின் ஆணை செல்லுபடியாகும் களம் அது. ஏழைகள் தலைகுனியும் இடமும் அதுவே.