முந்திரிக்கொல்லைக்கு வந்த புல்வெளி வீடு

மூட்டை அடுக்கும் காட்சியில் அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

விலா எலும்பு முறிந்த ஒரு மனிதன். நெஞ்சைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறது. தானிய மூட்டைகளை இழுத்து இழுத்து அடுக்குகிறான். சொன்ன நாளுக்குள் அடுக்கி முடிக்காவிட்டால் உழவு மாடு இரண்டும் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். ஊர் ஆண்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். "ஆளுக்கொரு கை குடுங்களேன்டா, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார் அத்தை. சொல்லி வைத்ததுபோல அடுத்த நிமிடம் ஊர் திரண்டு வந்து மூட்டைக்குத் தோள் கொடுத்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. நான் இன்னும் வசனத்தைச் சொல்லவே ஆரம்பித்திருக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த பித்து இது. இன்றுவரை செந்துறையில் எங்கள் தெருவை விட்டு இறங்கவில்லை. எனக்கும் இறங்க வேண்டாம்.

தொடரின் பெயர் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி'. ப்ரெய்ரி என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் புல் மட்டுமே கிடக்கிற வெளி. அந்த வெளியில் வண்டி மாட்டிப் போய் வீடு கட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. 1974 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வாராந்தரத் தொடராகத் தொடங்கி 1983 வரை ஒன்பது பருவங்கள் ஓடியது. கதைக்கு மூலம் லோரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய புத்தகங்கள். 1867-ல் பிறந்த அவர், தன் சிறுவயதுக் கதையின் முதல் புத்தகத்தை வெளியிட்டது 1932-ல், 65 வயதில்!

மினியாபொலிஸில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் 2020 பொங்கலுக்கு வந்தபோது முழுத்தொடரையும் பெட்டியாகக் கொண்டுவந்தான். அமெரிக்கத் தட்டு இங்குள்ள பிளேயரில் ஓடாது என்று தெரிந்து, அதற்கான பிளேயரையும் சேர்த்தே சுமந்து வந்திருந்தான் பிள்ளை. கதை நடக்கும் வால்நட் குரோவ் அவன் இருக்கும் மினசோட்டா மாநிலத்திலேயே இருக்கிறது. பிளம் கிரீக் ஓடைக்கரையில் அந்தக் குடும்பம் மண்ணைக் குடைந்து குடியிருந்த இடத்தை அவன் நேரில் போய்ப் பார்த்திருக்கிறான். கூரை விழுந்து, இப்போது வெறும் பள்ளமாகக் கிடக்கிறதாம். "அத்தை, நீங்க பாத்தா விடமாட்டீங்க" என்று என்னிடம் சொன்னான். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். அதனால் மொழிபெயர்ப்புப் பொறுப்பு என் தலையில் வந்தது. மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். தினம் இரவு ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்தது.

என் வீட்டுக்காரர் முதலில் வேறு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்தார். சிவகாசி லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர். ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா'வை இன்னும் மறக்காதவர். குதிரை, தொப்பி, மரவீடு என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "துப்பாக்கிச் சண்டை எப்ப வரும்?" என்று கேட்டார். இரண்டாம் நாள் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் அவர் வந்து பிளேயரைப் போட்டு வைத்திருந்தார்.

அப்படி என்ன இருக்கிறது இதில்? அத்தை ஒரே வரியில் சொன்னார்: "ஏம்மா, இவங்க ஒருத்தரும் சும்மா நிக்க மாட்டேங்கிறாங்களே!"

நம் தொடர்களில் பத்துப் பேர் பெரிய கூடத்தில் பட்டுப்புடவையோடு நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. 2002-லிருந்து 2005 வரை சன் டிவியில் 'மெட்டி ஒலி' ஓடியபோது எங்கள் தெருவே வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்ததற்குக் காரணம், அதில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற ஒரு சாதாரண அப்பாவின் வீடு தெரிந்ததுதான். அந்தச் சிதம்பரத்துக்குப் பிறகு அத்தை மனதில் இடம்பிடித்த அப்பா, மூட்டை அடுக்கிய இந்த சார்லஸ் இங்கல்ஸ்தான். இவர் மரம் அறுக்கிறார், ஏர் பிடிக்கிறார், கூரை போடுகிறார், இரவில் களைத்து வந்து பிடில் வாசிக்கிறார். மனைவி கரோலின் முட்டையை எண்ணிக் கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார். மேரி, லோரா இரண்டு பிள்ளைகளும் தண்ணீர் சுமக்கிறார்கள். வேலை செய்கிற கையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தொடரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சார்லஸாக நடித்தவர் மைக்கேல் லேண்டன். அதற்கு முன் 'பொனான்சா'வில் பதினான்கு ஆண்டுகள் லிட்டில் ஜோவாக நடித்தவர். இந்தத் தொடரைத் தயாரித்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு; நிறையக் கதைகளை அவரே எழுதி இயக்கினார். அவர் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சித்தி, "மீசையில்லாத ஆம்பளைக்கு இம்புட்டு அழகா!" என்றார். நிஜ சார்லசுக்கு நெஞ்சுவரை தாடி என்று நான் சொன்னதைச் சித்தி நம்பவே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களை அப்படியே கட்டிப்போட்டது மூன்றாவது அத்தியாயம். விளைந்து நிற்கிறது கோதுமை. அதை நம்பிக் கடன். ஒரே நாள் ஆலங்கட்டி மழையில் மொத்தமும் தரையோடு போய்விடுகிறது. சார்லஸ் பிழைப்புத் தேடி நடக்கிறார். அத்தியாயத்தின் பெயரே நூறு மைல் நடை. கடைசியில் கல் குவாரியில் வெடி வைக்கிற வேலை கிடைக்கிறது. இங்கே ஊரில் கரோலின் மற்ற பெண்களைத் திரட்டுகிறார். சாய்ந்து கிடக்கிற கோதுமையில் கைக்கு அகப்பட்டதை அரிந்து எடுப்போம் என்கிறார்.

கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அரியலூர்ச் சீமையில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிச்சத்தம் கேட்காத காது எது? மழை பொய்த்த வருடம் ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனபின், கொல்லையைக் கட்டிக் காத்தது யார்? "கதிர் பொறுக்குறாளுவ" என்றார் எதிர்வீட்டு ஆயா. அவ்வளவுதான் சொன்னார். அறுவடை முடிந்த வயலில் முறத்தோடு போய்ச் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர் அவர். அந்தக் காட்சி முடியும்வரை அவர் கை முழங்காலை இறுகப் பிடித்திருந்தது. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

நிஜ வாழ்க்கையில் அந்தக் குடும்பத்தின் பயிரை அழித்தது வெட்டுக்கிளி. 1873 முதல் 1877 வரை மினசோட்டா விவசாயிகளை அது தொடர்ந்து நாசம் செய்தது. நிஜ சார்லஸும் அறுவடைக் கூலி தேடிக் கிழக்கே நடந்தே போனார். இதைச் சொன்னதும் எங்கள் கூட்டம் 2018-ஐப் பேச ஆரம்பித்துவிட்டது. அந்த மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகத் தென்பட்ட படைப்புழு, அதே வருடம் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் கொல்லைகளில் குருத்துக்குள் புகுந்து தின்று தீர்த்தது. அந்தப் புழுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். "அப்ப அவங்களுக்கு வந்ததுதான் நமக்கும் வந்திருக்கு" என்றார் கொழுந்தனார். அமெரிக்காவின் அந்த வெட்டுக்கிளி பிறகு பூண்டோடு அற்றுப்போனது, 1902-க்குப் பிறகு உயிரோடு யாரும் பார்க்கவில்லை என்றேன். "நம்ம புழுவும் போவட்டும்" என்று ஆயா கையெடுத்துக் கும்பிட்டார்.

பிள்ளைகள் வந்தது நெல்லிக்காக. மளிகைக்கடை ஓல்சன் வீட்டுச் செல்லமகள் நெல்லி. ரிப்பன் சுருள்முடி, உதட்டில் எப்போதும் ஏளனம். எங்கள் தெருப் பிள்ளைகள் முதல் நாளே அவளுக்கு 'நெல்லிக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குதிரையிலிருந்து விழுந்து கால் செயலிழந்ததாக நடித்து அவள் லோராவை ஏவிக்கொண்டே இருக்கிறாளே, அந்தக் கதை! உண்மை தெரிந்த லோரா அவளைச் சக்கர நாற்காலியோடு மேட்டிலிருந்து உருட்டிக் குளத்தில் இறக்கிவிட்டாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து குரைத்தது. நான்கு தடவை திரும்பப் போட்டோம். அந்த நாற்காலி மேட்டில் இறங்குகிற வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு பொங்குகிறது. நெல்லியாக நடித்த அலிசன் ஆர்ன்கிரிமும் லோராவாக நடித்த மெலிசா கில்பர்ட்டும் நிஜத்தில் நெருங்கிய தோழிகள் என்றேன். ஒரு பயலும் ஒத்துக்கொள்ளவில்லை.

நெல்லியின் அம்மாவைப் பெரியவர்கள் கவனித்தார்கள். முட்டை விற்க வருகிற கரோலினிடம் விலையைக் குறைத்துப் பேசுகிற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, முந்திரிக்கொட்டை எடைபோட்டு வாங்குகிற யாரோ ஒருவரின் பெயரை மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஊரடங்கில் நாங்கள் பார்த்ததில் 'பிளேக்' என்ற அத்தியாயத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். 1975-ல் ஒளிபரப்பானது. ஊரில் காய்ச்சல் பரவுகிறது. தேவாலயமே ஆஸ்பத்திரியாகிறது. டாக்டர் பேக்கருக்குத் துணையாக நிற்கும் சார்லஸ், நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று வீட்டிலிருந்து விலகியே இருக்கிறார். கடைசியில் நோயின் வேர் எலி புகுந்த மலிவு விலை சோளமாவில் என்று தெரிகிறது. எங்கள் கூடத்தில் எல்லோரும் முகக்கவசத்தோடு, ஆளுக்கொரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தோம். அன்று படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ரயில் நிலையம் பக்கம் எப்போதும் கேட்கிற பயணிகள் வண்டிச் சத்தம்கூட அப்போது இல்லை. அத்தைதான், "நாளைக்கும் வாங்க" என்றார்.

மேரிக்குப் பார்வை போன கதைக்கு அழாத கண் எங்கள் தெருவில் இல்லை. நிஜ மேரிக்கும் 1879-ல் பார்வை போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கப் படத்தில் குடும்பம் கன்சாஸ் புல்வெளியில் மரம் வெட்டி, கட்டை அடுக்கி, ஆசை ஆசையாக வீடு கட்டுகிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது முன்னாடி யாரு கொல்லைம்மா?"

என்ன கேள்வி! அது ஓசேஜ் பழங்குடி மக்களுக்குரிய நிலம். நிஜக் குடும்பம் 1869 முதல் 1871 வரை அங்கே இருந்தது உரிமை இல்லாமல்தான். லோராவின் புத்தகங்களில் பழங்குடியினரையும் கறுப்பினத்தவரையும் பற்றி வருகிற வரிகளுக்காக, அமெரிக்கச் சிறார் நூலகர் சங்கம் 2018-ல் தன் விருதிலிருந்து லோராவின் பெயரை எடுத்துவிட்டது. அதைச் சரி என்றே நினைக்கிறேன். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "அவங்க கதையையும் யாராச்சும் படம் எடுத்திருப்பாங்கல்ல, அதையும் கொண்டாரச் சொல்லு" என்றார். ஒரு நல்ல தொடர் பார்க்கிறவரை இப்படிக் கேட்க வைக்கிறது. அதனால் எனக்கு இதன்மேல் இருக்கிற அன்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

முடிவுக்கு வருகிறேன். தொடருக்குப் பிறகு 1984-ல் வந்த தொலைக்காட்சிப் படம் 'த லாஸ்ட் ஃபேர்வெல்'. ஊர் நிலம் முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று பத்திரத்தோடு ஒரு பணக்காரன் வருகிறான். கட்டிய வீடுகளை அவனுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஊர்மக்களே வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். கடை, ஆலை, வீடு என்று ஒவ்வொன்றாகச் சரிகிறது. தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் நிற்கின்றன. படப்பிடிப்புக்காகக் கலிபோர்னியாவின் சிமி பள்ளத்தாக்கில் கட்டிய ஊர் அது. இடத்தைப் பழையபடி வெறும் நிலமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த இடிப்பையே கதையாக்கிவிட்டார் லேண்டன். நடித்தவர்கள் அழுதது நடிப்பா நிஜமா என்று பிரிக்க முடியாது.

எங்கள் கூடத்தில் 'தானே' புயலில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டடம் விழும்போதும் அத்தை ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னார். "ஓல்சன் கடை போச்சு. ஆலை போச்சு." சொந்த ஊரைப் பறிகொடுப்பவர்போலச் சொன்னார். அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் ஏழு மணிக்குக் கூடம் மறுபடி நிறைந்தது. முதல் தட்டிலிருந்து மறுபடி போட்டோம்.

2025-ல் நெட்ஃபிளிக்ஸ் இதே கதையைப் புதிதாக எடுப்பதாக அறிவித்தது. நல்லதுதான். என் கோரிக்கை பழைய தொடருக்காக. தமிழ்த் தொலைக்காட்சி நடத்துகிறவர்களே, இந்தத் தொடரை வாங்கித் தமிழில் பேச வையுங்கள். கொரியத் தொடரைத் தமிழாக்கத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை. மாலை ஏழு மணிக்குப் போடுங்கள், செந்துறையில் எங்கள் தெரு முழுக்கப் பார்க்கும் என்று நான் எழுதித் தருகிறேன். சார்லஸ் தமிழில் பேசிக் கேட்க வேண்டும் என்று அத்தை தினமும் சொல்கிறார். அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. சீக்கிரம் செய்யுங்கள்.