ஆழமும் மூச்சும்

டர்போ காரின் டேஷ்போர்டில் என்னென்ன மீட்டர்கள் இருக்கின்றன? வேகம், என்ஜின் சுற்று, டீசல் இருப்பு, தண்ணீர்ச் சூடு. டர்போ என்ற சொல்லே காதில் விழாத காலத்துக் கார்களுக்கும் இவைதான் இருந்தன. என்ஜின் கக்கும் புகையின் விசையில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. சின்னக் கார்களின் டர்போவில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிறது. ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுத்துவரும் டிரெய்லரிலும் இருக்கிறது, மாப்பிள்ளையூரணியில் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஸ்விஃப்ட் டீசலிலும் இருக்கிறது. ஆனால் காற்று எவ்வளவு அமுங்கிப் போகிறது, புகை எவ்வளவு சூடாக வெளியேறுகிறது என்ற இரண்டு செய்தியும் ஓட்டுகிறவர் கண்ணுக்கு வருவதில்லை. அதற்காகத்தான் வெளியே வாங்கிப் பொருத்தும் மீட்டர்கள்: அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டரும், எக்ஸாஸ்ட் சூடு காட்டும் ஈஜிடி மீட்டரும். இந்த இரண்டில் பூஸ்ட் மீட்டர்தான் அதிகம் விற்கிறது. மிதித்ததும் முள் துள்ளுகிறதே, அந்த ஆசை. என் கட்சி வேறு: வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால், துள்ளாமல் சோம்பலாக நகரும் அந்த ஈஜிடி முள்ளே மேல்.

இதற்கான நியாயம் இந்தக் கடலோரத்திலேயே கிடைக்கிறது. முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய கடல் இது. தோளாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்கு இரண்டு கணக்கு இருந்தது. எத்தனை பாகம் ஆழம் என்பது ஒன்று, மூச்சு இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது மற்றொன்று. கடலில் 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரைப் பாகம் இறங்கினால் உடம்பின் மேல் கூடுகிற அழுத்தம் 1 பார். பூஸ்ட் மீட்டரில் 1 என்ற இடத்தில் முள் நிற்பதும் அதே அழுத்தம்தான். இறங்கிய கணமே ஆழம் தெரிந்துவிடும். மூச்சு அப்படியில்லை, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது. ஆழம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை, அந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதுதான் கொல்லும். மேலே படகில் கயிறு பிடிக்கிறவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் என்று ஒரு வழக்கு சொல்வார்கள். (மாப்பிள்ளையூரணி என்று ஊரின் பேரே இருக்கும்போது இதை நினைக்காமல் எப்படி!) அந்த மச்சானின் கையில் உள்ள கயிறு ஆழத்தையும் சொல்லும், உயிரின் அசைவையும் சொல்லும். பூஸ்ட் மீட்டர் மட்டும் வைத்த கார், ஆழத்தை மட்டும் அளந்துகொண்டு மூச்சை மறந்த படகு.

மலை ஏறுகிறவர்களுக்குத்தானே இதெல்லாம், தேரி மணலும் உப்பளமும் பரந்த சமதரையில் எக்ஸாஸ்ட் எங்கே சூடாகப்போகிறது என்று கேட்கலாம். ஆடி மாதம் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு மேற்கே போகிற நாலுவழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். எதிரே வருவது அம்மியையும் பறக்கவைக்கிற காற்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை 40 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், கார் கிழிக்க வேண்டிய காற்றின் வேகம் 120. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்வதால், காற்றில்லாத நாளைவிட இரண்டேகால் மடங்கு எதிர்ப்பு. மலையில் வளைவுக்கு வளைவு காலை எடுக்க வேண்டியிருக்கும், என்ஜினுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். இங்கே ஒரே நேர்கோடு, மிதித்த கால் மிதித்தபடி. பூஸ்ட் முள் ஓரிடத்தில் அமைதியாக நிற்கிறது. எல்லாம் சரி என்று தோன்றும். ஈஜிடி முள் மட்டும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டியில் டியூனிங் பாக்ஸ் வேறு மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். டீசலைத் தெளிப்பான்களுக்குத் தரும் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதுபோல் கம்ப்யூட்டரை நம்பவைத்து அது கூடுதல் டீசலை வாங்கித் தருகிறது. டீசல் என்ஜினில் அதே காற்றுக்கு எரிபொருள் கூடக்கூடச் சூடும் கூடும்.

அந்தச் சூடு எவ்வளவு வரை போகலாம்? டர்போவுக்கு முன்னால் அளந்தால், டீசல் வண்டியில் 700 டிகிரி செல்சியஸை ஒட்டி நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்பது பட்டறைகளில் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பு. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் வார்க்கும் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். தீ அதன் மேல் படுவது கணநேரம் என்பதாலும், அடியிலிருந்து பீய்ச்சப்படும் ஆயிலாலும்தான் அது தப்பிக்கிறது. பெட்ரோல் டர்போவில் 900-ஐத் தாண்டுவதும் சாதாரணம், அங்கே கணக்கும் தலைகீழ்: பெட்ரோல் சற்றுக் கூடினால் சூடு இறங்கும், குறைந்தால் ஏறும். ஒரே மீட்டர், இரண்டு பாஷை. இதைத் தெரிந்துகொள்ளாமல் முள்ளைப் பார்ப்பதில் பயனில்லை.

பொருத்துகிறவரின் கை தெரிவது இங்கேதான். ஈஜிடி மீட்டரின் உயிர் தெர்மோகப்பிள் என்ற ஒரு மெல்லிய குச்சி. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821-இல் சீபெக் கண்டதுதான் அதன் அடிப்படை. வண்டிகளில் வருகிற கே வகைக் குச்சி 700 டிகிரியில் தருவது மொத்தமே 29 மில்லிவோல்ட். இந்தச் சன்னமான குரலைக் கெடுக்காமல் டேஷ்போர்டு வரை கொண்டுவர வேண்டும். வயர் எட்டவில்லை என்று என்ஜின் அறைக்குள் சாதாரணச் செம்பு வயரை ஒட்டுப்போட்டால், அங்கே 80 டிகிரியும் மீட்டருக்குப் பின்னால் 30 டிகிரியும் இருக்கும்போது காட்டுகிற அளவில் 50 டிகிரி காணாமல் போகும். அதே உலோகத்தில் வருகிற வயரைத்தான் நீட்டிப்புக்கும் வாங்க வேண்டும். உப்பளத்துக் காற்று படுகிற ஊரில் மூடாமல் விட்ட இணைப்பு பச்சை பூத்துவிடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது இடம். டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் வைப்பது எளிது. ஆனால் டர்போ தன் வேலைக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதைத்தான் அது காட்டும். மிதித்து ஓட்டும்போது நூறு டிகிரி, சில வேளை இருநூறும் குறையும். தேர்ந்த கை, எல்லாச் சிலிண்டரின் புகையும் ஒன்றுசேர்ந்து டர்போவுக்குள் நுழையும் வாயருகே மேனிஃபோல்டில் துளை போடும். குச்சியின் முனை புகையோட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். சுவரை ஒட்டினால் இரும்பின் சூட்டைத்தான் சொல்லும். மேனிஃபோல்டைக் கழற்றி, லேத்துப் பட்டறையில் துளையிட்டு, மரை போட்டு, பிசிறு ஒன்றுகூட இல்லாமல் ஊதித் துடைத்து மாட்டுவதே முறை. வண்டியிலேயே வைத்து டிரில் போட்டால், உள்ளே விழுந்த ஒரு துணுக்கு டர்போச் சக்கரத்தின் இதழைக் கடித்துவிடும்.

பூஸ்ட் மீட்டரின் வேலை இதைவிடச் சுலபம். 1849-இல் பிரான்சில் போர்டான் காப்புரிமை வாங்கிய வளைந்த தட்டைக் குழாய், அழுத்தம் ஏறினால் நிமிர முயலும். அந்த நிமிர்வுதான் முள்ளைத் தள்ளுகிறது. ஹோஸை எங்கே பிரிக்கிறோம் என்பதைக் கவனித்தால் போதும்: அமுங்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டை ஒட்டி. பெட்ரோல் வண்டி என்றால் ஹோஸை உள்ளே கொண்டுவராமல் சென்சர் வைத்த மீட்டராக வாங்குவது நல்லது. மேனிஃபோல்டுக் காற்றில் பெட்ரோல் ஆவி கலந்திருக்கலாம்.

இப்போது வலுவான ஆட்சேபம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் பூஸ்ட் அழுத்தம் மொபைலிலேயே தெரியுமே, துளை எதற்கு? பூஸ்ட் மட்டும் என்றால் இதில் பெரும்பகுதி உண்மை. வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். எக்ஸாஸ்ட் சூட்டுக்கு அது உதவாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்த பிறகான டீசல் கார்களில் புகை வடிகட்டியைக் காப்பதற்காகவாவது சூட்டுச் சென்சர் இருக்கிறது; 2007-இல் அறிமுகமான ஸ்விஃப்ட் டீசல் போன்ற முந்தைய தலைமுறை வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. டியூனிங் பாக்ஸ் மாட்டிய வண்டியில் கம்ப்யூட்டரிடம் கேட்பது, நாமே பொய் சொல்லி வைத்த ஆளிடம் போய் உண்மை கேட்பதற்குச் சமம். வாரன்டி போய்விடும் என்பது இன்னொரு ஆட்சேபம். புது வண்டிக்கு அதை மறுக்க மாட்டேன். கம்பெனி அமைப்பை மாற்றாத புதுக் காரில் துளை போடுவது வேண்டாத வேலை. குச்சி முறிந்து டர்போவுக்குள் போனால் என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானதே. மலிவுக் குச்சியை வாங்காதிருப்பதும், சில வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதுமே அதற்குப் பதில். மீட்டர் கூடக்கூடக் கண் சாலையை விட்டு விலகும் என்பார்கள். பந்தயக் காரில் இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு: சரியான அளவில் இருக்கும்போது எல்லா முள்ளும் 12 மணி திசையில் நிற்கும்படி மீட்டரையே திருப்பிவைப்பார்கள். எண்ணைப் படிக்கத் தேவையில்லை, சாய்ந்த முள் ஓரக்கண்ணுக்கே தெரியும். நமக்குக் கிடைக்கும் 52 மில்லிமீட்டர் வட்ட மீட்டர்களையும் அப்படித் திருப்பி, முன்கண்ணாடி ஓரத் தூணில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாம். நீலமும் சிவப்பும் மாறிமாறி மின்னுகிற கல்யாண மண்டப விளக்கு வகைகளைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். அதே நாலுவழிச் சாலையின் வாகைக்குளம் டோல்கேட்டில் கால் எடுத்ததும் பூஸ்ட் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்துவிடும். டர்போ அப்போதும் கனன்றுகொண்டிருக்கும். உடனே சாவியைத் திருப்பி அணைத்தால், சுழலும் தண்டுக்குப் போகிற ஆயில் நின்று, உள்ளே தேங்கியது அங்கேயே கருகும். அணைக்காமல் சற்றுக் காத்திருந்தால், ஈஜிடி முள் நானூறு, முந்நூறு, இருநூறு என்று நிதானமாக இறங்கி வரும். கயிறு பிடித்தவர் மேலே இழுத்துப் போட்ட ஆள் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் நேரம் அது.