பாண் வண்டியும் கீரைக்காரம்மாவும்

இலங்கைத் தெருக்களில் பொழுது சாயும் வேளையில் பீத்தோவன் கேட்கும். 1810இல் அவர் எழுதிய 'எலீசுக்காக' என்ற பியானோ இசையின் முதல் சில சுரங்களை ஒலிக்கவிட்டபடி, கண்ணாடிப் பெட்டி பொருத்திய முச்சக்கர வண்டி ஊர்ந்து வரும். சிங்களத்தில் அதற்குச் 'சூன் பாண்' என்று பெயர். உள்ளே பாண், பணிஸ், மீன் வைத்த மாலு பாண், முதலை உருவில் சீனி தூவிய கிம்புலா பணிஸ். ஓட்டி வருபவர் வாயே திறப்பதில்லை.

பாண் என்றால் பிரெட். தமிழ்நாட்டில் அது காய்ச்சல்காரர் சாப்பாடு. வாசலுக்கு வருபவை வேறு: கீரை, உப்பு, மோர், கோலமாவு, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். வருவது பலவாக இருப்பதால் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதுவும் முழுப் பெயராக வராது. முன்பாதி விழுங்கப்பட்டு, வெறும் 'மாவேய்...' மட்டும் தெருமுனை திரும்பும். இலங்கை வண்டிக்கு இந்தப் பாடில்லை. மெட்டு ஒன்று, பொருள் ஒன்று. கேட்கும் வீட்டில் சிங்களமா தமிழா என்ற கேள்விக்கே இடமில்லை.

பேரத்திலும் இதே கதைதான். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், விலை முன்பே குறித்தது, பேச ஒன்றுமில்லை. கீரைக்காரம்மாவிடமோ கட்டு சிறுத்துவிட்டதென்று குறைப்பட்டு, கொசுறாகக் கறிவேப்பிலை வாங்கி, அவர் மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரித்த பிறகே கூடை தலைக்கு ஏறும்.

நடமாடும் வியாபாரிகளுக்கு இந்தியாவில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் அவர்களை விரட்டுவது ஓயவில்லை. இலங்கையில் இரைச்சல் என்று பாண் வண்டியின் மெட்டையே அடக்கிய காலமும் இருந்தது. 2020 கொரோனா ஊரடங்கில் மட்டும் இரு நாட்டிலும் அனுமதி கொடுத்து இவர்களை வீடுவீடாக அனுப்பினார்கள்.

இப்போது தமிழ்நாட்டுத் தள்ளுவண்டிகளிலும் பதிவு செய்த குரல்தான். பாண் வண்டியும் இயந்திரம்தானே என்று கேட்கலாம். ஆனால் பாண்காரருக்கு நேரமும் வாசல் படலையும் பழக்கம். எந்த வீட்டின் முன் வேகம் குறைக்க வேண்டும் என்று தெரியும். கீரைக்காரம்மா இரண்டு கூவலுக்கு நடுவே கொஞ்சம் நிறுத்துவார். மூச்சு வாங்க மட்டுமல்ல, 'நில்லும்மா' என்று மாடியிலிருந்து யாராவது அழைக்கிறார்களா என்று கேட்பதற்கும்தான். ஒலிபெருக்கியில் அந்த இடைவெளி இல்லை. மாடியிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே படியிறங்கி வருவதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.